களியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் சித்திரம் படிப்பிக்கிற ஓர் ஆசிரியை. சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளை இருத்திக் களி வேலையும் செய்விக்கிறேன். பத்திரிகைகளின் சிறுவர் பக்கத்தில் வரும் பள்ளிக்கூடக் கண்காட்சிப் படங்களைப் பார்த்துப் பார்த்து மனதில் சேர்ந்து கிடந்ததைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனாலும் வெட்டாமல் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

சூளையில் சுடாமல் காற்றிலேயே காய்ந்து இறுகுகிற களி, எயர் ட்றை கிளே என்று பைக்கற்றில் வருவது, இப்போது வன்னிப் பக்கத்துப் புத்தகக் கடைகளிலும் கிடைக்கிறது. முன்பள்ளிகளும் ஆரம்பப் பிரிவுகளும் வாங்கத் தொடங்கியிருக்கின்றன. சந்தோசமான விசயம். ஆனால் கண்காட்சி மேசையில் என்ன இருக்கிறது? வரிசையாக ஆமைகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே பச்சை, ஓட்டின் மேலுள்ள கட்டங்கள்கூட ஒன்றுபோலவே இருக்கும். களியோடு புழங்குகிற யாருக்கும் பார்த்த உடனேயே விளங்கும், அந்த ஆமைகளைச் செய்தது ஏழு வயதுக் கை இல்லை.

ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். தரம் மூன்று படிக்கிற பெடியன் ஒருவன் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மேசையைச் சுற்றிச் சுற்றித் தேடினான். அவன் செய்த மாட்டைக் காணவில்லை. கொம்பு கோணல், கால் ஒன்று கட்டை என்று அதை எடுத்து வைத்துவிட்டு, யாரோ பெரியவர்கள் புதிதாக ஒரு மாடு செய்து அவனுடைய பெயரை எழுதி வைத்திருந்தார்கள். வந்த விருந்தினர் அதைத் தூக்கிப் பார்த்து "நல்ல வடிவு, தம்பி" என்று தலையைத் தடவினார். பிள்ளை என்ன செய்யும்? பேசாமல் நின்றான். அன்றைக்கு அவன் படித்த பாடம் என்னவென்று நினைக்கிறீர்கள், தன்னுடைய மாடு மற்றவர்களுக்குக் காட்டக் கூடாத மாடு என்பதுதானே.

இதற்கு அந்த ரீச்சர்மாரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், பெற்றோர் வருவார்கள், படம் எடுப்பார்கள், அவசரம். ஒரே பாடவேளையில் களியைப் பிசைந்து, உருவம் செய்து, நிறமும் தீட்டி முடிக்கச் சொன்னால் யாராலும் முடியாது, கடைசியில் பெரியவர்களின் கை உள்ளே போகத்தான் செய்யும். எங்கள் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் சித்திரத்துக்கென்று ஆசிரியரே இல்லை. வேறு பாடம் எடுப்பவர் தலையில் இது விழுகிறது, அவருக்கு அந்தக் களி எப்படிக் காயும், ஏன் வெடிக்கும் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. களி வெடித்தால் பயந்துவிடுகிறார், பயந்தால் தானே செய்து முடிக்கிறார். ஆகவே அந்தப் பயத்தைப் போக்கும் விசயங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், வேறு ரீச்சர்மாருக்கும் தாய்மாருக்கும் உதவும்.

இந்தக் களி இறுகுவது அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போவதால் மட்டும்தான். தண்ணீர் போனால் உருவம் சுருங்கும். வெளிப்பக்கம் கெதியாகக் காய்ந்து, உள்பக்கம் ஈரமாக இருந்தால், வெளி சுருங்குகிற இடத்தில் உள் இடம் கொடுக்காது, வெடிப்பு விழும். இவ்வளவுதான் சங்கதி. பைக்கற்றில் வரும் களிகள் பலவற்றில் கடதாசி நார் கலந்திருப்பார்கள், வெடிப்பைக் குறைக்கத்தான். இது எங்கள் ஆட்களுக்குப் புதிதா என்ன? மண்வீட்டுச் சுவருக்கு மண் குழைக்கும்போது வைக்கலை வெட்டிப் போட்டு மிதித்தது இதற்காகத்தானே.

சோளகம் அடிக்கிற மாதங்களில் வன்னியில் காற்று எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, உடுப்பே ஒரு மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அந்த நேரத்தில் செய்த உருவத்தைக் கெதியாகக் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் பின்னேரம் கால் வேறு, உடம்பு வேறாகக் கிடக்கும். நிழலில் வையுங்கள். முதல் நாள் மேலே ஒரு சொப்பின் பையை இறுக்காமல் போர்த்தி விடுங்கள், அடுத்த நாள் எடுத்துவிட்டுப் பிரட்டி வையுங்கள். அடிப்பக்கம் காற்றுப் படாமல் இருப்பதுதான் பாதிக் கரைச்சல், அதனால் பலகையில் வைக்காமல் ஒரு கம்பி வலையின் மேல் வைத்தால் நல்லது. மார்கழி மழைக்குள் செய்தால் கதை வேறு. ஒரு கிழமை போனாலும் சில நேரம் காயாது, பூஞ்சணமும் பிடிக்கும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பது கன்னத்தில் வைத்துப் பார்ப்பது. சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம், பெயின்ற் அடிக்கக் கூடாது. இந்தச் சோதனை பிள்ளைகளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நீங்கள் வந்து பார்க்க வேண்டும், எல்லோரும் ஆளுக்கொரு கோழியையும் முதலையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

தடிப்பு பெரியவர்களின் விரல் தடிப்புக்கு மேல் போகக் கூடாது. யானையோ எருமையோ பெரிதாக வேண்டுமென்றால் பழைய பேப்பரை உருட்டி நூலால் இறுக்கிச் சுற்றி, அதன் மேல் களியை அப்பினால் சரி. கால் ஒட்டும் இடம்தான் முக்கியம். சும்மா அமத்தி வைத்தால் காய்ந்ததும் கழன்று விழும். காலின் மேல் நுனியிலும் வயிற்றில் அது ஒட்டப் போகிற இடத்திலும் ஈர்க்கால் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும், களியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து அந்தக் கீறலில் தடவ வேண்டும், பிறகு மெதுவாகத் திருகி அமத்தி, பொருத்துவாயை விரலால் இழுத்து மூட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இதை ஒருமுறை காட்டினால் போதும். வெடிப்பு விழுந்தாலும் குடி முழுகிவிடாது. அதே களியில் கொஞ்சம் தண்ணீரும் கம்மும் விட்டுப் பசைபோல் குழைத்து வெடிப்புக்குள் அடைத்துத் தேய்த்தால் போகும். வெடிப்பை அடைப்பதும் பிள்ளையின் வேலைதான், அதையும் நாங்கள் வாங்கிச் செய்யத் தேவையில்லை.

காசுக்கு வருகிறேன். பைக்கற் விலை எல்லா வீட்டுக்கும் கட்டாது. 2022 பொருளாதார நெருக்கடியில் சித்திரக் கொப்பி வாங்கவே அந்தரப்பட்ட வீடுகள் இவை. ஆனால் பைக்கற் இல்லாமலும் செய்யலாம். பழைய பேப்பர், முட்டை வருகிற கடதாசித் தட்டு, இவற்றைச் சின்னச் சின்னதாகக் கிழித்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, அடுத்த நாள் இடித்துக் கூழாக்கி இறுக்கிப் பிழிந்து, அந்தக் கூழ் 2 கோப்பைக்கு வெள்ளைக் கம் 1 கோப்பை விட்டு, கையில் ஒட்டாமல் திரளும்வரை கோதுமை மா சேர்த்துப் பிசைந்தால் கடதாசிக் களி தயார். பூஞ்சணத்துக்குக் கொஞ்சம் வினாகிரி விடலாம். கிழிப்பதும் பிழிவதும்தான் சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி, பென்சில் பிடிக்கிற விரல்களுக்கு அதில் பலம் வரும். நகை, பூ போன்ற நுணுக்கமான வேலைக்குக் கோன்பிளவர் மாவும் வெள்ளைக் கம்மும் சம அளவு எடுத்து, கொஞ்சம் எண்ணெயும் தேசிக்காய்ப் புளியும் விட்டு, சிறு நெருப்பில் திரளும்வரை கிண்டி எடுக்கலாம். அடுப்பு வேலை பெரியவர்கள் செய்ய வேண்டும். இது காயும்போது நன்றாகச் சுருங்கும், அதை முதலே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோடு சின்னதாய்ப் போச்சென்று அழுவார்கள். மா, உப்பு, தண்ணீர் சேர்த்துச் செய்கிற களியை எங்கள் மாரி காலத்துக்கு நான் சொல்ல மாட்டேன். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், காய்ந்தது திரும்பவும் நசநசக்கும். இன்னொன்று, கடதாசிக் களிக்குக் கறையான் வரும், மாவுக்கு எறும்பு வரும். ஆகவே காய்ந்து பெயின்ற் அடித்தபின் வார்னிஷ் பூச வேண்டும், வெறும் சீமெந்து நிலத்தில் வைக்கக் கூடாது. நிறத்துக்கு, வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய எமல்சன் போதும்.

குளத்துக் களி இருக்கும்போது இதெல்லாம் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. குளத்துக் களியும் புற்று மண்ணும் அருமையான சாமான், நானும் பாவிக்கிறேன், கல் வேர் எடுத்து அரித்து, கொஞ்சம் கடதாசிக் கூழ் சேர்த்தால் சுடாமலே ஓரளவுக்கு நிற்கும். ஆனால் பிள்ளைகளை மண் எடுக்க அனுப்பாதீர்கள். எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது. வெடிபொருள் அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன, எங்கே தோண்டலாம் என்று பெரியவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டிய மண் இது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் ஆட்கள் செத்ததை மறந்திருக்க மாட்டீர்கள், மழைக்காலத்துச் சேற்றில் புண் உள்ள கையோடு அளைவது விளையாட்டில்லை. பெரியவர்கள் நன்றாகத் தெரிந்த இடத்தில், கோடையில் எடுத்துக் காயவைத்த களியைப் பாவியுங்கள்.

கார்த்திகை விளக்கீடு வருகிற நேரத்தில் ஒரு முக்கியமான விசயம். காற்றில் காயும் களியில் பிள்ளைகளைக் கொண்டு விளக்குச் செய்விக்கிறார்கள். தயவுசெய்து அதில் எண்ணெய் விட்டுக் கொளுத்தாதீர்கள். சுட்ட மண் இல்லை அது, எண்ணெயைக் குடிக்கும், கடதாசி கலந்ததென்றால் நெருப்பும் பிடிக்கும். கடையில் சுட்ட சிட்டி வாங்கி அதன் வெளிப்பக்கத்தில் பிள்ளைகள் நிறம் தீட்டட்டும். அதேபோல் இந்தக் களியில் செய்த கோப்பையில் தண்ணீர் குடிக்கவோ, தட்டில் சாப்பிடவோ கூடாது. தண்ணீர் பட்டால் ஊறிக் குலைந்துவிடும்.

சரி, இவ்வளவு கரைச்சல் பட்டு ஏன் இதைச் செய்விக்க வேண்டும்? காயாத களிதான் இருக்கிறதே, பல நிறத்தில் குச்சி குச்சியாக. 1897 இல் இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹார்பட் என்ற சித்திர ஆசிரியர், களி கெதியாகக் காய்ந்துபோவது மாணவர்களுக்குக் கரைச்சலாக இருக்கிறதென்றுதான் அதைச் செய்தார். பிளாஸ்டிசின். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு அது நல்லது, செய்வதும் நசுக்குவதும்தான் அந்த வயதின் விளையாட்டு. ஆனால் கொஞ்சம் வளர்ந்த பிள்ளை தான் செய்தது நிலைத்து நிற்க வேண்டும் என்று ஆசைப்படும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அலுமாரிக்கு மேல் வைக்க வேண்டும், அம்மம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

எங்கள் ஊருக்கு அது சின்ன விசயம் இல்லை. இப்போது பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மாரில் பலர் போர் முடிந்த 2009 இல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கொப்பி, படம், பொம்மை, பரிசாகக் கிடைத்த பேணி, ஒன்றும் அவர்கள் கையில் மிஞ்சவில்லை. தங்கள் சின்ன வயதைக் காட்ட ஒரு சாமான் இல்லாத தாய்மார் இவர்கள். சனிக்கிழமை பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம் என்று வருகிற சிலர் போகாமல் வாங்கில் இருந்து பார்ப்பார்கள், பிறகு மெதுவாக ஒரு துண்டுக் களி கேட்பார்கள். நான் கொடுப்பேன். பிள்ளையின் வேலையில் கை வைக்கக் கூடாது, உங்களுக்கென்று ஒன்று செய்யுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

பிள்ளைகளை விட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? ஆமை செய்ய மாட்டார்கள். எங்கள் மண்டபத்து யன்னல் கட்டில் இப்போது காய்ந்துகொண்டிருப்பவற்றைச் சொல்கிறேன். ஒரு லான்ட்மாஸ்ரர், அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரம், பெட்டியோடு, பெட்டிக்குள் நெல் மூட்டைகள், மூட்டைகளுக்கு மேலே ஒரு நாய். ஒரு யானை, அதற்கு முன்னால் ஈர்க்கை நட்டு நூல் கட்டிய யானைவேலி. "யானை எந்தப் பக்கம் நிற்குது?" என்று அதைச் செய்த பெடியனைக் கேட்டேன், "வயலுக்குள்ள, ரீச்சர், உடைச்சுக்கொண்டு வந்திட்டுது" என்றான். அந்த வீட்டு வயலில் போன போகம் நடந்தது எனக்குத் தெரியும். அந்த யானையின் கால்கள் தூண்போல் தடித்தவை, வால் இல்லை, கண் மட்டும் ஒரு பொத்தான் அளவு. வாலை ஒட்டச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒட்டியிருப்பான், நான் சொல்லவில்லை. அவன் கண்ட யானைக்குக் கண்தான் இருந்தது. பார்வை மிகக் குறைந்த பிள்ளை ஒருத்தியும் வருகிறாள். படம் கீறும் பாடத்தில் சும்மா இருக்கிறவள் களியில் எல்லோரையும் விட முன்னுக்கு நிற்கிறாள். அவள் செய்த அடைக்கோழியின் செட்டைக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும், உள்ளே முட்டைகள் வைத்திருக்கிறாள்.

இந்த மண்ணில் இது புதிய பழக்கமும் இல்லை. மன்னார் கட்டுக்கரைக் குளத்தருகே பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் செய்த அகழாய்வில் சுடுமண் யானைகளும் குதிரைகளும் வந்தன, ஐயனார் வழிபாட்டோடு சேர்ந்தவை என்று சொன்னார்கள். குளக்கட்டில் ஐயனாரை வைத்துக் கும்பிட்டு வந்த ஆட்கள் நாங்கள். களியைப் பிடித்து உருவமாக்குவது எங்கள் பிள்ளைகளுக்குச் சீனாவிலிருந்து பைக்கற்றில் வந்த பொழுதுபோக்கு என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் ஏன் மண்ணை அளைகிறாய் என்று ரியூசனுக்குக் கலைக்கிற தகப்பன்மாருக்கும் இதைத்தான் சொல்வேன். சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் போதும், அதற்குள் ஒன்றும் கெட்டுப்போகாது.

வலயக் கல்வி அலுவலகங்களிடம் கேட்பது இதுதான். களி வேலைக்கு இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கொடுங்கள், செய்வதற்கு ஒரு நாளும் நிறம் தீட்ட அடுத்த கிழமை இன்னொரு நாளுமாக. ஆரம்பப் பிரிவு ரீச்சர்மாருக்கு ஒரு நாள் பயிற்சி வையுங்கள், உரையாற்றுகிற பயிற்சி வேண்டாம், அவர்களே களி பிசைந்து காயவைத்து வெடிக்கவிட்டு அடைத்துப் பார்க்கிற பயிற்சி. போட்டிகளில் துப்புரவுக்குப் புள்ளி போடுவதை ஆரம்பப் பிரிவிலாவது விட்டுவிடுங்கள், அந்தப் புள்ளிக்காகத்தான் பெரியவர்களின் கை உள்ளே போகிறது. அதிபர்மாரிடம் கேட்பது அதைவிடச் சின்னது. மேசையில் வைக்கிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயரைப் பிள்ளையே தன் எழுத்தில் எழுதி வைக்கட்டும், கோணல் மாணலாக இருந்தாலும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று. சிறுவர் பக்கத்துக்குக் களி வேலைப் படம் அனுப்புகிறவர்களிடம், அதைச் செய்த பிள்ளை அதைப் பற்றிச் சொன்ன இரண்டு வரியையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இல்லாத படத்தைப் போடாதீர்கள். எங்கள் பிள்ளைகளின் லான்ட்மாஸ்ரரும் யானைவேலியும் அடைக்கோழியும் காய்ந்து, நிறம் தீட்டி முடிந்ததும், அவர்கள் சொன்ன வரிகளோடு தைப்பொங்கலுக்கு முன் அனுப்பி வைக்கிறேன். இடமிருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
சித்திர ஆசிரியை ஒருவர்,
ஒட்டுசுட்டான்.